துண்டுக்குள் தூங்கும் சித்தி

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் கடுகு செய்த முதல் காரியம், பக்கத்து சீட்டுப் பெரியவரைப் பார்த்து வாயில் விரலை வைத்து "ஷ்ஷ்!" என்றதுதான். பாவம் மனுஷன், அவர் வாயையே திறக்கவில்லை.

"சத்தம் போடாத. சித்தி தூங்குறா" என்று மடியில் இருந்த மஞ்சள் துண்டு மூட்டையைத் தட்டிக் காட்டினாள். அவர் மூட்டையைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். வம்பே வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூட்டைக்குள் இருந்தது அப்பாவின் ஃபோன். கடுகுக்கு அது ஃபோன் இல்லை, சித்தி வீடு. ரெண்டரை வயசுப் பிள்ளைக்குப் பட்டப் பெயர் கடுகு என்று ஏன் வைத்தார்கள் என்றால், சிறுத்தாலும் காரம் குறையாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். எட்டூரு கூடி வந்து இழுத்தாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

கடுகின் அம்மாவுக்கு, நாம் அக்கா என்றே சொல்வோம், இந்தப் பயணம் தலைகால் புரியாத சந்தோஷம். சலவைக் கடையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றே வருஷங்களை ஓட்டியவள். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் துணி மடித்துக் கொடுத்தவள், இன்றைக்குத் தன் கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்குக் கடல் தாண்டிப் போகிறாள். கிளம்புகிற அவசரத்தில் கைக்குட்டையைக்கூட விடாமல் தேய்த்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். "சாக்ஸுக்குமா இஸ்திரி?" என்று கேட்ட புருஷனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறைப்பு.

புருஷன் பஸ் டிரைவர். விமானம் ஓடத் தொடங்கியதிலிருந்து அவருக்குக் காலும் கையும் நிற்கவில்லை. சீட்டின் அடியில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். மேலே ஏறியதும் அக்காவின் காதில் சொன்னார்: "கியர் மாத்தினதே தெரியல பார்த்தியா? நல்ல கை."

"நீங்க போய் மாத்தி விடாம இருந்தா சரி" என்றாள் அக்கா.

சிரித்தாளே தவிர, அவள் கவனமெல்லாம் அந்த மஞ்சள் துண்டின் மேல்தான். சந்தோஷத்துக்குள் ஒரு முள் இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

தாய் தகப்பன் இல்லாமல் ஒருத்திக்கு ஒருத்தியாக வளர்ந்தவர்கள் இந்த அக்காவும் தங்கச்சியும். கடுகு வயிற்றில் இருக்கும்போதே தங்கச்சிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. செடிகளை விதை போட்டு வளர்த்து விற்கிற பண்ணையில் வேலை. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே அவளுக்குச் சாப்பாட்டு நேரம். கடையில் கூட்டம் நெரிகிற அந்த நேரத்தில், கடுகை அழுக்குத் துணிக் கூடைக்குள் உட்கார வைத்து, புருஷன் விட்டுப் போகிற ஃபோனைத் தண்ணி தெளிக்கிற பாட்டிலில் சாய்த்து வைத்துவிடுவாள் அக்கா. அதற்குப் பிறகு பிள்ளை சித்தி பொறுப்பு. ஒரு கையில் சோற்று டப்பா, ஒரு கையில் பூவாளி என்று தங்கச்சி கதை சொல்லுவாள். "பாரு கடுகு, இது விதை. தண்ணி ஊத்தினா முளைக்கும். நேத்து ஒண்ணுமே இல்ல, இன்னிக்குப் பாரு, முளைச்சிருச்சு!" கடுகு கூடைக்குள்ளிருந்து கைதட்டுவாள். பல் முளைத்ததும் சித்திக்குத்தான் முதலில் தெரியும், முதல் வார்த்தையும் சித்தி காதில்தான் விழுந்தது. பெத்தவள் நான், வளர்த்தவள் அவள் என்று அக்காவே ஊரெல்லாம் சொல்லுவாள்.

பேசி முடித்ததும் ஒரு சடங்கு உண்டு. கடுகு ஃபோனை அந்த மஞ்சள் துண்டில் சுற்றித் தட்டிக்கொடுத்து, "சித்தி தூங்கு" என்பாள். மறுநாள் கூப்பிடும்போது துண்டை ஒரு முனையிலிருந்து மெதுவாகப் பிரிப்பாள். திரையில் சித்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "விடிஞ்சிருச்சா?" என்பாள். "விடிஞ்சிருச்சு!" என்று கடுகு கத்துகிற கத்தலில் கடைக்கு வந்தவர்கள் துணியைக் கீழே போட்டுவிடுவார்கள். இந்த விளையாட்டைக் கற்றுக் கொடுத்ததே பெரியவர்கள்தான்.

கல்யாணம் நிச்சயமானதும் தங்கச்சி சொன்னாள்: "அக்கா, மாப்பிள்ளை பக்கம் ஊரே திரண்டு வரும். என் பக்கம் நீங்க மூணு பேருதான். எனக்கு நகை வேண்டாம், சீர் வேண்டாம். வீட்டு வாசல்லேருந்து கல்யாணம் நடக்கிற மரத்தடி வரைக்கும் கடுகு என் விரலைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வரணும். அது போதும்க்கா எனக்கு."

"இதென்ன பெரிய விஷயம்? உன்னைப் பார்த்தா கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்கவே மாட்டா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் அக்கா. சித்தி ஃபோனுக்குள் குடியிருப்பதாகவே நம்புகிற பிள்ளை, நேரில் பார்த்தால் ஒட்டுமா? கொடுத்த வாக்குதான் இப்போது மனசில் கனத்தது.

விமானம் இறங்கியது. "வளைவுல ஒரு ஹாரன்கூட அடிக்கல" என்று குறைபட்டுக்கொண்டே டிரைவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. அந்தப் பக்கம் கம்பியில் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி, "அக்கா!" என்று ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், காவலுக்கு நின்றவனே திடுக்கிட்டுப் போனான். கம்பிக்கு அடியில் குனிந்து ஓடி வந்தாள். ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், "இளைச்சுட்டியேடி" என்றார்கள், "நீ குண்டாயிட்டக்கா" என்றார்கள்.

அப்புறம் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை விரித்தாள். "எங்க என் கடுகு?"

கடுகு அப்பாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"சித்திடி செல்லம்!" என்றாள் அக்கா. "போ, போய்க் கட்டிக்கோ!"

"சித்தி இல்ல."

"ஐயோ, நல்லாப் பாருடி!"

கடுகு மேலிருந்து கீழே நன்றாகத்தான் பார்த்தாள். கீழே வந்ததும் கண் நின்றுவிட்டது. தங்கச்சியின் செருப்புக் காலை விரல் நீட்டிக் காட்டி, கோர்ட்டில் தீர்ப்பு சொல்வது போலச் சொன்னாள்: "சித்திக்குக் கால் கிடையாது."

டிரைவர் கடகடவென்று சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வது? பிறந்ததிலிருந்து திரையில் முகத்தை மட்டும்தானே பார்த்திருக்கிறாள் பிள்ளை! ஆனால் தங்கச்சியின் விரித்த கை அப்படியே நின்றதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் அறுந்துபோனது.

"பரவால்ல மாமா" என்றாள் தங்கச்சி. "பழகிடுவா."

கூட வந்திருந்த மாப்பிள்ளை மாட்டு டாக்டர். நல்ல உயரம், கூச்ச சுபாவம், அவர் வீட்டார் பாஷையே வேறு. தங்கச்சியிடம் கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தையை வைத்து நாற்பது விஷயம் பேசினார். அவர் வண்டியிலேயே அவருடைய கிராமத்து வீட்டுக்குப் போனார்கள். டிரைவர் முன் சீட்டில் உட்கார்ந்து, வளைவுகளில் இல்லாத ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டே வந்தார். ரெண்டு பக்கமும் பச்சை, வேலி, வேலிக்குப் பின்னால் மாடு. "மாடு! மாடு! அம்மா, நிறைய மாடு!" கடுகுக்குத் தொண்டை கட்டிவிடும் போலிருந்தது. அந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு கை துண்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"சித்தி எப்போ முழிப்பா?" என்று கேட்டாள்.

"முழிச்சுட்டேனே" என்றாள் பக்கத்தில் இருந்த தங்கச்சி.

கடுகு அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் காதில், ஆனால் வண்டி முழுக்கக் கேட்கும்படி, "இது சித்தி மாதிரியே பேசுது" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். மாடியில் ஜன்னல் வைத்த சின்ன அறை கொடுத்தார்கள். கடுகு துண்டோடு மெத்தையில் உட்கார்ந்து, சித்தி எழுந்திரிக்கவில்லையே என்று சிணுங்க ஆரம்பித்தாள். தங்கச்சிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள் மணி அடித்தது.

கடுகு ஒரு முனையிலிருந்து பிரித்தாள். திரையில் சித்தி முகம். "விடிஞ்சிருச்சா?"

"விடிஞ்சிருச்சு!"

அப்புறம் மடை திறந்த மாதிரிதான். பிளேன், மாடு, வண்டி, எல்லாம் கொட்டினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சித்தி, இங்க ஒரு ஆளு இருக்கு. என்னையே பார்க்குது. நீ வெளிய வராத" என்றாள்.

அக்கா நைசாக எழுந்து அடுத்த அறையை எட்டிப் பார்த்தாள். தங்கச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஃபோனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. பேசி முடித்ததும் அக்காவின் தோளில் சாய்ந்தாள்.

"எனக்கு நானே போட்டியாப் போயிட்டேன்க்கா" என்றாள். "மூஞ்சி பழகினவளைத்தான் அவளுக்குப் பிடிக்குது. நேர்ல இருக்கிறவ யாரோ."

அக்கா முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கல்யாணம். வீடு அமர்க்களப்பட்டது. பூ வருகிறது, நாற்காலி வருகிறது, யாரோ யாரையோ தேடுகிறார்கள், மாப்பிள்ளையின் அம்மா போகிற வருகிற எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறாள். அக்கா தங்கச்சியோடு ஒரு அறையைப் பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாண உடுப்பை வேறு யார் கையிலும் கொடுக்க அவள் தயாராயில்லை. மேஜையில் போர்வையை மடித்து விரித்து, உடுப்பின் மேல் ஈரத் துணி போட்டு, சூடு பட்டும் படாமல் ஒவ்வொரு மடிப்பாக அழுத்தினாள். எந்த வி.ஐ.பி. துணிக்கும் அவள் இப்படிப் பாடுபட்டதில்லை. தூக்கிப் பிடித்தபோது மடிப்புகள் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக விழுந்தன.

அந்த நேரத்தில் டிரைவர் ஒரு யோசனையோடு வந்தார். "பிள்ளை ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடக்கட்டும். ஃபோன்ல இவ பேசட்டும். இவ பின்னாடியே வரட்டும். பிள்ளைக்குச் சித்திகூட நடந்த மாதிரியும் ஆச்சு, இவளுக்குப் பிள்ளைகூட நடந்த மாதிரியும் ஆச்சு. எப்படி?"

"உங்க மூளையை மியூசியத்துலதான் வைக்கணும்" என்றாள் அக்கா.

ஆனால் தங்கச்சி தலையாட்டினாள். "சரி மாமா. அவ நடந்தா போதும் எனக்கு."

அந்தப் 'போதும்' போதாத போதும் என்று அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தும் வேறு வழி இல்லை.

வீட்டுப் பின்வாசலிலிருந்து ஒரு சரளைப் பாதை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் போய், புல்வெளியில் ஒரு பெரிய மரத்தடியில் முடிகிறது. அங்கே நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை மரத்தடியில் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். வாத்தியம் ஒலிக்கத் தொடங்கியது.

கடுகு கிளம்பினாள். புதுச் சட்டை, தோளில் அரசியல்வாதி மாதிரி மஞ்சள் துண்டு, ரெண்டு கையிலும் ஃபோன். பின்னால் பெண். பூங்கொத்துக்குள் தன் ஃபோனை ஒளித்து வைத்துக்கொண்டு, பூவோடு பேசுகிறவள் மாதிரி குனிந்து பேசியபடி வந்தாள். அதற்கும் பின்னால் அக்காவும் டிரைவரும். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லாரும் எழுந்து நின்று சிரித்தார்கள்.

"சித்தி, பூ பாரு!"

"ஆமாடி செல்லம், பூ!"

"சித்தி, எல்லாரும் நிக்கிறாங்க!"

"உனக்காகத்தான்டி!"

எல்லாம் நன்றாகத்தான் போனது, கொட்டகை வரும்வரைக்கும். அங்கே ஒரு தண்ணித் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டி ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கடுகுக்கு வாத்தியமாவது கல்யாணமாவது! பாதையை விட்டு இறங்கி ஓடினாள். "சித்தி! கன்னுக்குட்டி! பாரு, பாரு!" என்று ஃபோனைக் கன்றின் மூக்கு வரைக்கும் நீட்டினாள். கன்றும் பாசத்தோடு நாக்கை நீட்டி ஒரே ஒரு நக்கு நக்கியது.

டொபுக்.

ஃபோன் தொட்டிக்குள். திரை ஒரு தடவை மின்னி, கறுத்து, கீழே போனது.

கடுகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் "சித்தீ!" என்று கிளம்பிய குரல் இருக்கிறதே, வாத்தியமெல்லாம் நின்றுவிட்டது. தொட்டி விளிம்பில் வயிற்றை வைத்து உள்ளே பாயப் பார்த்தாள். அக்கா ஓடிப்போய் இடுப்போடு பிடித்தாள். "என் ஃபோனு!" என்று கத்திய டிரைவர், மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பூங்கொத்து ஒரு பக்கம் பறந்தது. தங்கச்சி ஓடி வந்து, கல்யாண உடுப்போடு தோள் வரைக்கும் கையைத் தண்ணிக்குள் விட்டு ஃபோனை எடுத்தாள். கடுகு அதைப் பிடுங்கிக் கறுத்த திரையைத் தட்டினாள். "சித்தி, விடிஞ்சிருச்சு! விடிஞ்சிருச்சு சித்தி!" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். பெத்த வயிறு தாங்குமா? அக்காவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

கீழே விழுந்து கிடந்த மஞ்சள் துண்டைத் தங்கச்சி எடுத்தாள். தொட்டியடிச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கடுகு அழுகையை நிறுத்தினாள். துண்டைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்தாள். "விடும்மா" என்று அம்மாவின் கையை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள்.

ஒரு முனையைப் பிடித்தாள். தினமும் பிரிக்கிற மாதிரியே மெதுவாகப் பிரித்தாள். மஞ்சளுக்கு நடுவே முகம் மட்டும் வெளியே வந்தது.

"விடிஞ்சிருச்சா?" என்றாள் தங்கச்சி. குரல் உடைந்து பாதிதான் வந்தது.

கடுகு சித்தியின் மூக்கைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரலைப் பார்த்தாள்.

"நனைஞ்சு போச்சு" என்றாள். துண்டு முனையால் சித்தியின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். "தண்ணிக்குள்ள பயமா இருந்துச்சா?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுடி."

"அழாத. நான் வந்துட்டேன்ல?"

சொல்லிவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா வாக்குக் கொடுத்த அதே கட்டு. தங்கச்சி அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமலே மாப்பிள்ளையின் அம்மாவும் கூட அழுதாள்.

அப்புறம் தங்கச்சி எழுந்து நின்றாள். உடுப்பின் கீழ் விளிம்பைச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடித்தாள். கடுகின் கண் கீழே போனது. அவ்வளவுதான், அந்த ஊரே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல்:

"அம்மா! சித்திக்குக் கால் முளைச்சிருச்சு! தண்ணியில விழுந்து கால் முளைச்சிருச்சு!"

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரளையில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். கடுகு அந்த விரலைப் பிடித்தாள். வாத்தியம் மறுபடி தொடங்கியது. வரிசை வரிசையாக நின்றவர்களிடம், "கால் பாரு! ரெண்டு கால்!" என்று காட்டிக்கொண்டே கடுகு நடந்தாள். பாஷை புரியாவிட்டாலும் அத்தனை பேரும் குனிந்து, சேறு அப்பிய அந்தக் காலைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பின்னால் நடந்த அக்கா, காலையெல்லாம் பாடுபட்டு அழுத்திய மடிப்புகளைப் பார்த்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் கசங்கி, நனைந்து, சேறாகிக் கிடந்தது. கசங்கட்டும், நல்லாக் கசங்கட்டும் என்று நினைத்தாள். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து கசங்கின துணியைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கல்யாணம் முடிந்து பந்தி நடந்தது. டிரைவர் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாட்டு டாக்டர் ஈரத்தை இழுக்கும் என்று எங்கிருந்தோ ஒரு டப்பா அரிசி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குள் ஃபோனைப் புதைத்து, எடுத்து, ஊதி, மறுபடி புதைத்துக்கொண்டிருந்தார். அதற்கு உயிர் வருவதாக இல்லை. துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

கடுகு சித்தியின் மடியிலிருந்து இறங்கி அப்பாவிடம் வந்தாள். அரிசிக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அழாதப்பா" என்று அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "உள்ள யாரும் இல்ல. சித்தி வெளிய வந்துட்டா."